பாட்டனும் பெயரனும்



மகனுக்குப் பிறந்தவனையும் மகளுக்குப் பிறந்தவனையும் பேரன் என்று அழைக்கிறோம். பெயரன் என்ற சொல்லே பேச்சு வழக்கில் பேரன் என மருவிற்று. பாட்டனாரின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். இந்த ஒரு சொல்லில் நம் முன்னோர் ஒரு கடமையை வைத்துச் சென்றனர். பெயரைத் தாங்கினால் போதுமா? அப்பெயரோடு எதைத் தாங்க வேண்டும், எதை இறக்கி வைக்க வேண்டும்? காஞ்சிபுரத்திற்கு அண்மையில் உள்ள கூரம் என்னும் சிற்றூர் இவ்வினாவிற்கு விடை தருகிறது. அதனை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

கூரத்தில் ஒரு செப்பேட்டுத் தொகுதி கிடைத்தது. ஹூல்ச் என்னும் அறிஞர் 1890 ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அதனை வெளியிட்டார். வடமொழியிலும் தமிழிலும் அமைந்த அச்செப்பேட்டை வழங்கியவன் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன். அவன் ஏறத்தாழ 670 முதல் 700 வரை காஞ்சியிலிருந்து ஆண்டவன். தான் செய்த அறத்தைக் கூறுமுன் தன் பாட்டனாரையும் தந்தையையும் அவன் அதில் நினைவு கூர்கிறான்.

பாட்டனார் மாமல்லன் எனப் புகழ்பெற்ற முதலாம் நரசிம்மவர்மன். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைப் புறமுதுகிடச் செய்தவன் என்று ஏடு அவனைப் போற்றுகிறது. புலிகேசியின் முதுகையே ஓர் ஏடாகக் கொண்டு அதில் வெற்றி என்ற சொல்லை எழுதினான் என்று பெருமிதத்தோடு கூறுகிறது. 642 ஆம் ஆண்டளவில் வாதாபி நகரைக் கைப்பற்றியவனும் இவனே. தந்தை இரண்டாம் மகேந்திரவர்மன். அவனுடைய ஆட்சிக்காலம் மிகக் குறுகியது. அவனைப் பற்றிப் போர்ப் புகழ் பேசாமல், நாட்டில் ஒழுக்க நெறியை நிலைநிறுத்தியவன் என்று ஏடு கூறி அமைகிறது. அதன்பின் பரமேசுவரவர்மன் தன் வெற்றியைச் சொல்கிறான். பல இலக்கம் வீரரோடு வந்த விக்கிரமாதித்தன் ஒரு கந்தையைப் போர்த்திக்கொண்டு ஓடினான் என்பது அவன் கூற்று.

இந்த விக்கிரமாதித்தன் யார்? பாட்டனார் வென்ற அதே புலிகேசியின் மகன். அவனும் தன் தந்தையை மறக்கவில்லை. தந்தைக்கு நேர்ந்த தோல்வியை நெஞ்சில் சுமந்து காஞ்சியின்மேல் படையெடுத்து வந்தான். 674 ஆம் ஆண்டில் அவன் வெளியிட்ட கத்வால் செப்பேடு, நரசிம்மனின் புகழை அழித்தேன், மகேந்திரனின் வலிமையைக் குலைத்தேன், ஈசுவரனை வென்றேன் என்ற கருத்தில் பேசுகிறது. ஈசுவரன் என அது சுட்டுவது பரமேசுவரவர்மனையே. கூரத்து ஏட்டில் உள்ள பாட்டன், தந்தை, மகன் என்ற அதே மூவர் பகைவனின் ஏட்டிலும் இருப்பதைக் காணுங்கள். அங்கே பெருமையாக நிற்கும் பெயர்கள் இங்கே பழியாக நிற்கின்றன. முன்னோர் மீது கொண்ட அன்பே மூன்று தலைமுறைப் பகைக்கு எரிபொருள் ஆயிற்று.

இது அரசர்களோடு நின்றுவிட்ட செய்தி அன்று. பல்லாண்டுகள் தலைமையாசிரியனாக இருந்த எனக்கு இதனை வகுப்பறையிலேயே காணும் நிலை ஏற்பட்டதுண்டு. ஒரே தெருவைச் சேர்ந்த இரு மாணவர்கள் ஒரே பலகையில் அமர மறுத்தனர். காரணம் கேட்டால் இருவருக்கும் தெரியவில்லை. விசாரித்ததில், அவர்களுடைய பாட்டனார்கள் ஒரு வரப்பின்பொருட்டுச் சண்டையிட்டனர் என்று அறிந்தேன். வரப்பு மறைந்து அவ்விடத்தில் வீடுகள் எழுந்துவிட்டன. பாட்டனார்கள் இருவரும் காலமாகிவிட்டனர். பகை மட்டும் பெயரர்களிடம் வந்து சேர்ந்திருந்தது. அந்தப் பாட்டனார்களின் நற்குணங்கள் எவை என்று கேட்டபோது இருவராலும் ஒன்றும் சொல்ல இயலவில்லை.

இனிக் கூரத்துச் செப்பேட்டின் பிற்பகுதியைக் காண்போம். வெற்றி முழக்கம் முடிந்தபின் ஏடு அறத்தைப் பேசத் தொடங்குகிறது. கூரத்தில் எழுந்த சிவன் கோயிலுக்கு வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்று பெயர். வித்யாவிநீதன் என்றால் கல்வியினால் பணிவு பெற்றவன் என்பது பொருள். இக்கோயிலின்பொருட்டுப் பரமேசுவரமங்கலம் என்னும் ஊர் கொடையாக வழங்கப்பட்டு 25 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. வழிபாட்டையும் கோயிலின் பழுது பார்த்தலையும் மேற்கொள்வோருக்கு 3 பங்குகள். கூரத்து மண்டபத்தில் தண்ணீரும் நெருப்பும் குறைவின்றி வைப்பதற்கு ஒரு பங்கு. அம்மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கு ஒரு பங்கு. எஞ்சிய 20 பங்குகள் நான்மறை வல்லார் இருபதின்மருக்கு. பரமேசுவர தடாகம் என்னும் ஏரியும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொணரும் பெரும்பிடுகு என்னும் கால்வாயும் அதில் குறிக்கப்படுகின்றன.

ஒரே ஏட்டில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று பகைவனின் முதுகில் எழுதிய வெற்றி. மற்றொன்று வழிப்போக்கனின் தாகம் தணிக்கும் தண்ணீர். முன்னதால் மக்களுக்கு விளைந்தது மற்றொரு போர். பின்னதால் விளைந்தது நெல்லும் நீரும் கல்வியும். பாட்டனாரின் பெருமையைத் தலைமேல் வைத்துக்கொண்ட அப்பெயரன் ஏரியும் கால்வாயும் காணாது போயிருந்தால், அவ்வேடு வெறும் தற்புகழ்ச்சியாகவே முடிந்திருக்கும்.

பல்லவர் குலத்தில் பெயரன் என்ற சொல் தன் முழுப்பொருளோடு விளங்கிற்று. இரண்டாம் மகேந்திரவர்மன் தன் பாட்டனாரான முதலாம் மகேந்திரவர்மனின் பெயரைப் பெற்றவன். பரமேசுவரவர்மனின் மகனோ தன் தந்தையின் பாட்டனாரான நரசிம்மவர்மனின் பெயரைப் பெற்றான். இராசசிம்மன் என்னும் சிறப்புப் பெயராலும் அறியப்பெறும் இவனே காஞ்சி கைலாசநாதர் கோயிலை எழுப்பியவன். பரமேசுவரனாகிய சிவபெருமானுக்கு முருகன் பிறந்தாற்போல இம்மன்னனுக்கு இவன் பிறந்தான் என்ற கருத்தில், தந்தையை இறைவனோடு இணைத்து அக்கோயிற் கல்வெட்டு பேசுகிறது. இராசசிம்மனின் மகனாகிய மற்றொரு மகேந்திரன், தந்தை எடுத்த கோயிலின் முன்புறத்திலேயே மகேந்திரவர்மேசுவரம் என்ற சிறு கோயிலை எழுப்பினான்.

ஏறத்தாழ 740 ஆம் ஆண்டளவில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியினுள் வெற்றியோடு புகுந்தான். இவன் புலிகேசியின் மகனான முதலாம் விக்கிரமாதித்தனின் கொள்ளுப்பெயரன். பழி தீர்க்க வேண்டுமானால் அதுவே தக்க நேரம். ஆனால் அவன் நகரை அழிக்கவில்லை. ஏழை எளியவர்க்கு ஈந்தான். இராசசிம்மன் எடுத்த கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பி அளித்தான். இதனைக் கூறும் அவனுடைய கன்னடக் கல்வெட்டைக் கைலாசநாதர் கோயில் தூண் ஒன்றில் இன்றும் காணலாம். தன் குலத்தின் பெயரை அவன் மறந்தான் அல்லன். குலத்தின் பகையை மட்டும் இறக்கி வைத்தான்.

கூரம் நமக்குத் தரும் இன்னொரு சான்றும் உண்டு. இராமானுசரின் முதன்மையான சீடர்களுள் ஒருவரான கூரத்தாழ்வான் இவ்வூரில் பிறந்தவர். மரபின்படி அவர் பிறந்த ஆண்டு 1010. பெருஞ்செல்வராய் இருந்த அவர் அனைத்தையும் ஈந்துவிட்டுத் திருவரங்கம் சென்று எளிய வாழ்வு வாழ்ந்தார். ஆசாரியருக்கு வந்த இடரைத் தாம் ஏற்றுச் சோழன் அவையில் தம் கண்களை இழந்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். அவ்விடருக்குக் காரணமாய் இருந்தவன் நாலூரான். பின்னர்க் காஞ்சி வரதராசரைத் துதித்து வரம் வேண்டும் வேளை வந்தபோது, தமக்குக் கிடைக்கும் நற்கதி நாலூரானுக்கும் கிடைக்க வேண்டும் என்றே ஆழ்வான் வேண்டினார் என்பது வரலாறு.

அவருடைய திருமகனார் பராசர பட்டர் பெரும்புலவராக விளங்கினார். தம் ஸ்ரீரங்கராஜ ஸ்தவத்தின் தொடக்கத்தில் அவர் தந்தையாரை வணங்குகிறார். தந்தையின் கண்ணைப் பறித்த கொடுமையை அவ்வணக்கத்தில் அவர் பேசவில்லை. தந்தையார் அருளிய நூல்கள் மறைகளுக்கு மங்கல நாண் போன்றவை என்றே போற்றுகிறார். அத்தந்தைக்கு ஏற்ற மகன் இவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

காஞ்சியில் பட்டு நெய்வோர் ஒரு பாவு முடியும்போது அதன் இழை நுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பர். பொறுமை வேண்டும் வேலை அது. சிக்கலை நீக்கியே பிணைப்பர்; சிக்கலோடு பிணைத்தால் தறி ஓடாது. தலைமுறைகளைப் பிணைப்பதும் அத்தகைய வேலையே.

மாணவர்களே, நம்மில் பெரும்பாலோர் வீட்டில் செப்பேடு கிடையாது. ஆயினும் இருபது பக்கக் குறிப்பேடு ஒன்று இருக்கும். அதில் உங்கள் தந்தையார் பெயரையும், தந்தைவழி, தாய்வழிப் பாட்டனார் பாட்டியார் பெயர்களையும் எழுதுங்கள். அவர்கள் எவ்வூரில் பிறந்தனர், என்ன தொழில் செய்தனர், எத்தனையாவது வகுப்பு வரை படிக்க இயன்றது என்று கேட்டு எழுதுங்கள். முதியோர் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள்; பின்னர்க் கேட்க எவரும் இரார். அவர்கள் பிறருக்காகச் செய்த ஒரு நற்செயலையும் தவறாது எழுதுங்கள். ஒருவர் கிணறு வெட்டியிருக்கலாம், மரம் வைத்திருக்கலாம், பசித்தவனுக்குச் சோறிட்டிருக்கலாம், எழுதத் தெரியாத அண்டை வீட்டாருக்குக் கடிதம் எழுதித் தந்திருக்கலாம்.

அவர்கள் சொல்லும் கதைகளில் பகைக் கதைகளும் வரும். அவற்றையும் மரியாதையோடு கேளுங்கள். அவர்கள் பட்ட துன்பம் உண்மையானது. ஆனால் அப்பகை அவர்களோடு முடியட்டும். அவர்கள் விட்ட நற்செயலை உங்கள் கையால் ஒரு முறையேனும் செய்யுங்கள். பாட்டனார் வைத்த மரம் பட்டுப்போயிருந்தால் அவ்விடத்தில் ஒரு கன்றை நடுங்கள். பெயரன் என்ற சொல்லுக்கு நீங்கள் எழுதும் உரை அதுவாக இருக்கட்டும்.