காலதரும் கான்கிரீட்டும்



காழிப் பதிக்குரிய பன்னிரு பெயர்களுள் தோணிபுரம் என்பதும் ஒன்று. ஊழி வெள்ளம் உலகை மூடிய காலத்து இறைவன் தோணியேறி வந்து தங்கிய இடம் இது என்பது தலவரலாறு. சட்டைநாதர் திருக்கோயிலின் இடைத்தளத்தில் தோணியப்பர் வீற்றிருக்கும் கோலத்தைக் காணாதார் இவ்வவையில் இரார். 2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை சீர்காழியில் கொட்டித் தீர்த்தபோது, அப்பெயர் புராணத்தினின்றும் இறங்கித் தெருவுக்கே வந்துவிட்டது. வெள்ளம் ஐப்பசி, கார்த்திகையில் வந்து போவது. வெப்பமோ பங்குனியில் தொடங்கி ஆவணி கடந்தும் நீங்காதது. இவ்விரண்டிற்கும் ஈடுகொடுப்பதே காவிரிக் கடைமடையில் வீடு எனத் தகும். வீடு கட்டுதல் பொறியியலாரின் துறையன்றோ, இலக்கிய மன்றத்திற்கு இதில் என்ன வேலை என்று வினவுவாரும் உளர். விடை, பழந்தமிழ்ச் சொல் ஒன்றில் இருக்கிறது.

அச்சொல் காலதர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி காலதர் ஆயிற்று. சீர்காழிக்குக் கிழக்கே கடலோரத்தில் இருந்த புகார் நகரத்து மாளிகைகளைப் பாடும் இளங்கோவடிகள், மானின் கண்போன்ற துளைகளையுடைய காலதர்களைக் குறிப்பிடுகிறார். மனையறம்படுத்த காதையில் தென்றல் சாளரத்தின் சிறு கண்களின் வழியே வண்டினத்தோடு நுழைகிறது. பட்டினப்பாலையும் வளி நுழையும் வாயில்களை அந்நகரின் வளத்தோடு சேர்த்தே எண்ணுகிறது. நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டுவது மறுதலையான பருவம். கூதிர்க் காலத்தில் விசிறிகள் பயனின்றித் தொங்குகின்றன. மாந்தர் நிலா முற்றத்துப் படுக்கையை விட்டுக் கதவடைத்து உள்ளே தங்குகின்றனர். ஒரே மாளிகை வேனிலில் திறந்தும் வாடையில் மூடியும் வாழ்ந்தது என்பது இவற்றால் பெறப்படும். இன்று வழங்கும் சன்னல் என்பது போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. சொல் மாறியதில் குற்றமில்லை. காற்றுக்கு வழி என்னும் பொருள் சொல்லோடு சேர்ந்து மறைந்ததே இழப்பு. சுவருக்கு ஒரு சன்னல் வேண்டும் என்ற கணக்கு நின்றது. நுழைந்த காற்று எவ்வழியே வெளியேறும் என்ற கணக்கு நின்றுபோயிற்று.

தஞ்சைத் தரணியின் பழைய தெருவீடுகள் அக்கணக்கை அறிந்தவை. இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர் ஒட்டி நிற்க, முகப்பு குறுகி நீளம் மிகுந்த மனையில், திண்ணை, ரேழி, முற்றம், தாழ்வாரம், கூடம், கொல்லை என வீடு பின்னோக்கிச் செல்லும். வாயிற்கதவையும் கொல்லைக் கதவையும் திறந்துவைத்தால் காற்று நேரே ஓடும். சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழும். மரக்கட்டைகளின் மேல் செங்கல்லை நெருக்கி அடுக்கி, சுண்ணாம்பும் செங்கற்சல்லியும் இடித்துத் தட்டோடு பதித்த மாடித் தளமும், காற்றிடைவெளி கொண்ட நாட்டோட்டுக் கூரையும் உச்சி வெயிலை உடனே கீழே இறக்குவதில்லை.

எனினும் தடித்த சுவர் ஒன்றே குளிர்ச்சி தரும் என எண்ணுவது பிழை. வெப்பமும் ஈரமும் கூடிய தட்பவெப்பம் இந்நிலத்தினது. பாலைநிலத்தில் இரவு குளிரும். தடித்த சுவர் அக்குளிரைப் பகலுக்குச் சேமித்துத் தரும். கடலோர நெல்வயல் நாட்டில் இரவும் புழுங்கும். இங்கே உடலின் வியர்வையை உலர்த்தும் காற்றோட்டமே முதன்மையானது, அதற்கடுத்தது நிழல். மேற்கு வெயில் சுவரில் படாமல் தடுப்பதும், பிற்பகலில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றுக்கு வாயில் விடுவதும் இந்நாட்டு வீட்டின் இலக்கணம்.

இவ்வளவும் யாருடைய வீட்டின் இலக்கணம் என்ற வினாவை ஆய்வாளர் தவிர்த்தல் ஆகாது. முற்றமும் கூடமும் நிலமுடையோர்க்கு உரியவை. அந்நிலத்தை உழுதோர் வாழ்ந்தவை மண்சுவரும் கீற்றுக் கூரையும் கொண்ட குடிசைகள். கீற்று வெப்பத்தைத் தடுப்பதில் ஓட்டினும் சிறந்தது என்பது மெய்யே. ஆனால் அது தீப்பற்றும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்து மடிந்தது ஒரு குடிசைக்குள்தான். 2004 சூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக் கூரையில் பரவிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. 2018 நவம்பரில் கஜா புயல் தென்காவிரிப் பகுதியின் குடிசைகளைத் தரைமட்டமாக்கியது. இவற்றைக் கண்ட ஓர் உழவுத் தொழிலாளி கான்கிரீட் கூரையை விரும்புவது பகட்டு அன்று. அது உயிரச்சம் நீங்கிய உறக்கத்திற்கான விருப்பம். நிமிர்ந்து வாழ்வதற்கான விருப்பமும் ஆகும். பழைய வீட்டின் பெருமை பேசுவோர் இவ்விருப்பத்தைப் பழிப்பது அறமாகாது.

அரசுகளும் இதனை உணர்ந்தே திட்டமிட்டன. 2011இல் தமிழக அரசு அறிவித்த பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடியில் வீடும், ஐந்து சூரிய ஒளி விளக்குகளும் தந்தது. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030ஆம் ஆண்டிற்குள் 8 இலட்சம் வீடுகள் என்னும் இலக்கோடு, வீடொன்றிற்கு 3.5 இலட்சம் ரூபாய் ஒதுக்கியது. விளக்கு சூரியனால் எரிந்தது பெரும் நன்மையே. ஆனால் அதே சூரியன் கூரையின் வழியே என்ன செய்தான் என்பதற்குப் பசுமை என்னும் பெயர் விடை கூறவில்லை.

சீர்காழி நிலநடுக் கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உள்ளது. சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி முதல் வாரத்திலும் நண்பகற் கதிரவன் இவ்வூரின் நேர் உச்சியில் நிற்பான். நெடுநல்வாடையில் கோல்நட்டு நிழல் பார்த்துத் திசையறிந்து மனை வகுக்கும் பகுதியைச் சித்திரைத் திங்களோடு இணைத்து நச்சினார்க்கினியர் உரை வகுத்தது இங்கே நினைக்கத்தக்கது. நிழல் காலடியில் ஒடுங்கும் அக்காலத்தில் சுவரைக் காட்டிலும் கூரையே மிகுதியான வெயிலை ஏற்கிறது. மூடப்படாத மெல்லிய கான்கிரீட் தளம் அவ்வெப்பத்தைப் பகலெல்லாம் உண்டு, மாலையில், வயலிலிருந்து வந்து படுப்பவர் மீது உமிழ்கிறது. மின்விசிறி அந்தச் சூட்டையே சுழற்றுகிறது. வசதியுடையோர் குளிர்பதனப் பெட்டியை நாடுகின்றனர். அதற்கான மின்சாரத்தில் பெரும்பங்கு இந்தியாவில் இன்றும் நிலக்கரியால் ஆவது. வடக்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது. ஆக, அறை குளிர வான் சூடேறுகிறது.

கட்டும்போதே எழுந்த புகை வேறு. மேற்கே அரியலூர், டால்மியாபுரம் பகுதிகளின் சுண்ணாம்புக் கல்லே சிமெண்ட் ஆகிறது. தூய சுண்ணாம்புக் கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பிரிந்துவிடும். எரிபொருளின் புகை இதற்கு மேல். சிமெண்ட் உலையின் வெப்பம் ஏறத்தாழ 1450 செல்சியசு பாகை. உலகில் மாந்தர் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்ட்டால் வருவது. பழைய சுண்ணாம்புச் சாந்தும் சுடப்பட்டதே; ஆயினும் அதற்குக் குறைந்த வெப்பம் போதும்; இறுகும்போது விட்ட வாயுவில் ஒரு பகுதியைத் தானே மீட்டுக்கொள்ளும்.

அங்ஙனமாயின் குடிசைக்கும் சுடுகூரைக்கும் இடையே வழி உண்டா? உண்டு என்பதைக் கட்டிக் காட்டியவர் இலாரி பேக்கர். இங்கிலாந்தில் 1917இல் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த இக்கட்டடக் கலைஞர், கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கு இடைப்பட்ட கான்கிரீட் சுமை தாங்குவதில்லை என்ற பொறியியல் உண்மையைப் பயன்கொண்டார். அவ்விடத்தில் இணையிணையாகச் சீமை ஓடுகளை வைத்தார். சிமெண்டும் கம்பியும் குறைந்தன. ஓடுகளுக்கிடையே சிக்கிய காற்று வெப்பத்தையும் தடுத்தது. செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். வெள்ளம் நிற்கும் காழிப் பகுதியில் சன்னல் அடிமட்டம் வரை சுவரைத் திண்மையாக எழுப்பி, அதற்குமேல் இம்முறையைக் கைக்கொள்வது தக்கது.

எல்லாம் எங்கும் பொருந்தா. ஆரோவில்லில் ஏறத்தாழ 5 விழுக்காடு சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்த மண்கற்களால் அழகிய கட்டடங்கள் எழுந்துள்ளன. அங்குள்ள செம்மண் அதற்கு இசைந்தது. கடைமடையின் களிமண்ணோ நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். மணல் பெருமளவு சேர்த்தாலன்றிக் கல் ஆகாது. மணலுக்குக் கொள்ளிடத்தைத் தோண்டுவதில் என்ன பசுமை இருக்கிறது? இங்கே செங்கல்லே சுவராகட்டும்; அது குறைவாகட்டும். சிமெண்ட் வாங்குங்கால் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த வகையைத் தேர்வதே எளிய தொடக்கம். பழையாறு, திருமுல்லைவாசல் முதலிய கடற்கரை ஊர்களில் மற்றொரு கவலையும் உண்டு. உப்பு, கான்கிரீட்டினுள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்துக் கூரையைப் பிளக்கும். உப்புமணலும் உவர்நீரும் கலந்து கட்டிய வீட்டை விரைவில் இடித்து மீளக் கட்டுவதானால் அதே புகை இரண்டாம் முறையும் எழும்.

2018இல் நடுவண் அரசு வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா, கூரை வழியே கடக்கும் வெப்பத்திற்கு வரம்பு கட்டியது. ஆயினும் அது 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் எழும் குடியிருப்புகளுக்கென வகுக்கப்பெற்றது. குளிர்பதனப் பெட்டி வாங்க இயலாதவரின் சிறு வீட்டை அவ்விதி எட்டவில்லை. அவ்வீட்டிற்கான இடம் வேறோர் ஆணையில் கிடந்தது. கனவு இல்லத்தின் 360 சதுர அடியில் 300 அடிக்கே கான்கிரீட் கூரை விதிக்கப்பட்டது. எஞ்சிய 60 அடிக்குத் தீப்பற்றாத வேறு கூரையைப் பயனாளி தம் விருப்பம்போல் அமைக்கலாம் என்றது ஆணை. தகரம் வேய்ந்தால் அது மற்றோர் அடுப்பு. ஓடு வேய்ந்து, வெயில் தாக்கும் மேற்குச் சுவரை ஒட்டித் திண்ணையாக அமைத்தால் சுவருக்கு நிழல், நெல்மூட்டைக்கு இடம், மாலையில் அமரக் காற்று. எதிரெதிராக இரு காலதர். தளத்தின் மேல், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பொங்கல் கழிந்த பின் ஆண்டுதோறும் ஒரு கை சுண்ணாம்பு வெள்ளை. இவற்றுக்கு வெளிநாட்டுப் பொருள் எதுவும் வேண்டியதில்லை. சாரம் கட்டும் முன் கொத்தனாரோடு அரைநாள் அமர்ந்து பேசுதல் வேண்டும். தரைமட்டத்தின் உயரத்தையும் அப்போதே முடிவு செய்தல் நலம். 2022இல் நீர் எதுவரை நின்றது என்பதை அவ்வத் தெருவின் மூதாட்டியர் விரல் வைத்துக் காட்டுவர். அவ்விரலுக்கு மேலே நிலைப்படி அமைய வேண்டும்.