மஞ்சளும் மறதியும்

(மடத்துக்குளத்தில் நமது சங்கத்துக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வயது முதிர்ந்தோர் பழகிய வழி தவறுவதையும், பெற்ற மக்களின் பெயரை மறப்பதையும் கண்டு, மூப்பின் இயல்பென்று நாம் வாளாவிருக்கின்றோம். அஃது இயல்பன்று, மூளையைப் பற்றும் வியாதியாம். நம் தேசத்தில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் ஏறக்குறைய 88 லட்சம் பேர் இதனால் வருந்துவதாக 2023-ல் வெளியான கணக்கொன்று மதிப்பிடுகின்றது.

இதற்கு மஞ்சளே மருந்தென்பார் பலர். மஞ்சளுக்குப் பேர்போன ஈரோடு நமக்கு அண்மையில் உள்ளதாதலின், இப்பேச்சு நமக்கு இனிக்கவே செய்யும். உண்மை யாதென ஆராய்வோம்.

மஞ்சளுக்கு நிறந்தரும் சத்து குர்க்குமின் எனப்படும். அது குடலிலிருந்து இரத்தத்திற் கலப்பது மிக அரிது. பெங்களூர் செயிண்ட் ஜான்ஸ் வைத்தியக் கல்லூரியார் 1998-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 2 கிராம் குர்க்குமினுடன் மிளகின் சத்தாகிய பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுக்க, அது உடலிற் சேர்வது ஏறக்குறைய 20 மடங்கு பெருகிற்று. நம் பாட்டிமார் ரசத்தில் இவ்விரண்டையும் சேர்த்தது நன்றே. ஆயினும், மஞ்சளில் குர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்களவே உண்டு. அந்த 2 கிராம் பெற 65 கிராம் மஞ்சள் வேண்டும். எந்த ரசம் அதனைத் தாங்கும்?

கலிபோர்னியாவில் மறதிநோய் பற்றியவர்க்கு 24 வாரம் குர்க்குமின் கொடுத்தும் பயன் காணவில்லை என 2012-ல் எழுதினர். நோயில்லாத 40 பேரிடம் 18 மாதம் நடத்திய வேறொரு சோதனையில், அதனை உண்டோர்க்கு ஞாபகம் சற்றுத் தெளிந்ததென 2018-ல் எழுதினர். இச்சிறு சோதனைகளால் யாதும் முடிவாகாது.

ஆகவே மஞ்சளும் மிளகும் கீரையும் நம் உணவில் நிலைக்கட்டும். அவற்றை நம்பி வைத்தியரிடம் செல்லாதிருத்தல் தகாது. தைராய்டு குறைவினாலோ பி12 சத்துக் குறைவினாலோ வந்த மறதியாயின் மாற்றவுங்கூடும். காலங்கடத்தின் அவ்வாய்ப்பும் போம்.

உலகில் இந்நோயில் நூற்றுக்கு 45 பங்கு வரை தடுக்கவோ தள்ளிவைக்கவோ கூடுமென 2024-ல் லான்செட் நிபுணர் குழு கூறிற்று. அது எடுத்துரைத்த 14 காரணங்களுள் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, காதுகேளாமை ஆகியன உள, தனிமையும் ஒன்று. மக்கள் திருப்பூர் பனியன் வேலைக்குச் சென்றபின், நம் திண்ணைகளில் முதியோர் பேச்சுத்துணையின்றி இருக்கின்றனர். இரத்த அழுத்தத்தைச் சோதிப்பிப்போம். காது மந்தமாயின் கருவி வாங்கித் தருவோம். நாள்தோறும் அருகமர்ந்து சிறிது பேசுவோம். இவை நம் கையில் உள்ளவை.