எபிசோட் 37: டிரில் மெஷினுக்கு வயர் மாத்தும்போது விட்டுப்போன பச்சை வயர்

(பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, எழுத்துக்கு ஏற்ற மாதிரி திருத்தியிருக்கோம்.)

இன்னைக்கு சாஃப்ட்வேர் கிடையாது. டிரில், கிரைண்டர் மாதிரி மெஷினோட வயர் அடிபட்டா எப்படி மாத்துறதுன்னு பேசப் போறோம். இது ஒரு மணி நேர வேலைதான். ஆனா இந்த ஒரு மணி நேர வேலைய நான் தப்பா செஞ்சு, அது தப்புன்னே ஆறு வருஷம் யாருக்கும் தெரியாம ஓடிட்டு இருந்திருக்கு. அதுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஈரோடு பக்கம் பெரியப்பா ஒரு கிரில் பட்டறை வச்சிருக்கார். ஜன்னல் கிரில், கேட், ஷீட் கூரை, இந்த மாதிரி வேலை. போன பொங்கல் லீவுக்கு அங்க போயிருந்தேன். அங்க வேலை பாக்குற தம்பி ஒருத்தன், பத்தொன்பது வயசு இருக்கும், டிரில் மெஷினை எடுக்கும்போது கைப்பிடியில ஒரு பழைய துணியைச் சுத்தி எடுத்தான். ஏன்டான்னு கேட்டேன். "லேசா ஷாக் அடிக்கும்ணா. துணி சுத்திட்டா தெரியாது"ன்னான். பெரியப்பா உள்ளே இருந்து, "அது பழைய மெஷின் கண்ணு, அப்படித்தான் கிர்ருங்கும். செருப்பு போட்டுட்டுப் பிடிச்சா ஒண்ணும் ஆகாது"ன்னார்.

முதல்ல அந்தத் துணியை எடுக்கச் சொன்னேன். சுத்துற சக்ல துணி மாட்டினா கையையும் சேர்த்து இழுத்துடும். அப்புறம் டெஸ்டரை மெஷின் பாடியில வச்சேன். லைட் எரியுது.

அது அலுமினியம் பாடி வச்ச பழைய மெஷின், நல்ல கனம். மூணு பின் பிளக் போட்டிருக்கு. பிளக்கைக் கழட்டினா உள்ளே ரெண்டே ரெண்டு வயர். மேல இருக்கிற பெரிய பின் காலி. "இதுக்கு யாரு பெரியப்பா வயர் மாத்துனது?"ன்னு கேட்டேன். "நீதான் கண்ணு. காலேஜ் முடிச்சுட்டு வீட்டுல சும்மா இருந்தப்ப மாத்திக் குடுத்தியே, மறந்துட்டியா?"ன்னார்.

அப்பதான் ஞாபகம் வந்துச்சு. பழைய வயர்ல மூணு கோர் இருந்துச்சு. அன்னைக்குக் கடையில டூ கோர்தான் கிடைச்சுது. பச்சை வயர் எங்க போகுதுன்னு பார்த்தேன். சுவிட்சுக்கும் போகலை, மோட்டாருக்கும் போகலை. பாடியில ஒரு ஸ்க்ரூவுல போய் முடியுது. சரி, இது இல்லாமலே ஓடும்னு விட்டுட்டேன். மாட்டினேன், சுவிட்சை அமுக்கினேன், ஓடுச்சு. ஈசிஇ டிகிரி வேற கையில புதுசா இருந்துச்சு.

இந்த வேலையில மாட்டிக்கிற இடம் இதுதான். எர்த் வயருக்கு மெஷின் ஓடுறதுல எந்தப் பங்கும் இல்லை. அதனால "ஓடுதா பாரு"ங்கிற ஒரே டெஸ்ட்ல, எர்த் இல்லாத மெஷினும் பாஸ் ஆகிடும். எங்க வேலையில எர்ரர் ஹேண்ட்லிங் கோடை மொத்தமா தூக்கிட்டாலும் டெமோ அழகா ஓடும், அதே கதை.

உள்ளே என்ன நடக்குதுன்னா, மோட்டாரோட கார்பன் பிரஷ் தேய்ஞ்சு தேய்ஞ்சு கரித்தூளா கொட்டும். கரி கரண்டைக் கடத்தும். வருஷக்கணக்கா அது இரும்புத்தூளோட சேர்ந்து படிஞ்சா, கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் பாடிக்கு வரும். அந்தத் தம்பிக்குக் கிர்ருன்னது அதுதான். எர்த் இருந்தா அந்தக் கரண்ட் பச்சை வயர் வழியா போயிடும். இல்லைன்னா பிடிச்சிருக்கிற ஆள் வழியா போகும். இன்னைக்கு லேசா கசியுது. உள்ளே ஒரு வயர் முழுசா பாடியில தொட்டுடுச்சுன்னா? வேர்த்த கை, ஈரத் தரை, உடம்போட ரெசிஸ்டன்ஸ் ஆயிரம் ஓம்னு வச்சுக்குவோம். 230 வோல்ட்டுக்கு 230 மில்லி ஆம்ப்ஸ். 30 மில்லி ஆம்ப்ஸ் தாண்டினாலே உயிருக்கு ஆபத்துங்கிற கணக்குலதான் வீட்டு ஆர்சிசிபியை 30ல டிரிப் ஆகுற மாதிரி வைக்கிறாங்க. ஆனா பட்டறையில இருந்தது 16 ஆம்ப்ஸ் எம்சிபி மட்டும். 230 மில்லி ஆம்ப்ஸ் போறது அதுக்குத் தெரியவே தெரியாது. ஆறு வருஷமா யார் யாரோ அந்த மெஷினைப் பிடிச்சிருக்காங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

அதுக்காக எல்லா மெஷினுக்கும் மூணு கோர் போடணும்னு கிளம்பிடாதீங்க. இப்ப கடையில வர்ற பிளாஸ்டிக் பாடி டிரில், கிரைண்டர்ல பெரும்பாலும் டூ கோர்தான் வரும், அது சரிதான். பேர் பலகையில ஒரு சதுரத்துக்குள்ள இன்னொரு சதுரம் போட்டிருக்கும், பாருங்க. டபுள் இன்சுலேஷன்னு அர்த்தம். அதுல எர்த் மாட்ட இடமே இருக்காது, நீங்களா ஒரு இடம் கண்டுபிடிச்சு மாட்டவும் கூடாது. கம்பெனியில இருந்து எத்தனை கோர் வந்துச்சோ அத்தனை கோர். முன்னாடியே யாராவது மாத்தியிருக்கலாம்னு சந்தேகம் வந்தா, இப்ப இருக்கிற வயரை நம்பாம பேர் பலகையை நம்புங்க. சதுரம் இல்லாத இரும்பு, அலுமினியம் பாடின்னா மூணு கோர்.

சரி, வேலைக்கு வருவோம். பிளக்கைப் பிடுங்கி, கண்ணுக்குத் தெரியுற மாதிரி பக்கத்துலயே வச்சுக்கோங்க. வயர் பெரும்பாலும் மெஷினுக்குள்ள நுழையுற இடத்துலதான் உடையும். அங்கதான் தினமும் மடங்குது. அப்படி இருந்தா முழு வயரையும் தூக்கிப் போட வேண்டாம். கெட்டுப்போன அரை அடியை வெட்டிட்டு மிச்சத்தையே திரும்ப மாட்டலாம். நடுவுல வெட்டுப்பட்டிருந்தா வயரையே மாத்துங்க. முறுக்கி டேப் சுத்துறது வேண்டவே வேண்டாம். தரையில இழுபடுற வயர்ல டேப் எத்தனை நாள் நிக்கும்?

வாங்கும்போது ரப்பர் கேபிள் கேளுங்க. சாதா பிவிசி வெயில்ல, சூட்டுல சீக்கிரம் விறைச்சுடும். 600 வாட்ஸ் டிரில் இழுக்கிறது மூணு ஆம்ப்ஸ்கூட வராது, 0.75 ஸ்கொயர் எம்எம் போதும். இழுத்துப் போட்டு மிதிக்கிற இடம்னா 1 ஸ்கொயர் எம்எம் வாங்கிக்கோங்க. 2000 வாட்ஸ் பெரிய கிரைண்டர்னா ஒன்பது ஆம்ப்ஸ் கிட்ட வரும், அதுக்கு 1.5.

சில மெஷின்ல கைப்பிடி மூடி மட்டும் தனியா கழலும். சிலதுல பாடியே ரெண்டு பாதியா பிரியும். ரெண்டாவது வகைன்னா மெஷினைப் படுக்க வச்சு, மேல் பாதியை மெதுவா தூக்குங்க. இல்லைன்னா ஸ்பிரிங் ஒரு பக்கம், பிரஷ் ஒரு பக்கம்னு பறக்கும். எதையும் தொடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. சுவிட்ச்ல ஸ்க்ரூ இருந்தா லேசான வேலை. ஸ்க்ரூவே இல்லாம வயர் சொருகியிருந்தா, பக்கத்துல ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதுல மெல்லிசான ஸ்க்ரூ டிரைவரை அமுக்கினா வயர் வெளியே வரும். பிடிச்சு இழுக்காதீங்க.

வயர் நுழையுற இடத்துல கூம்பு மாதிரி ஒரு ரப்பர் இருக்கும்ல, அதை முதல்ல புது வயர்ல கோத்துடுங்க. எல்லாத்தையும் மாட்டி மூடப் போகும்போது அந்த ரப்பர் மட்டும் டேபிள் மேல உக்காந்து நம்மளைப் பாக்கும். எனக்கு ரெண்டு தடவை ஆகியிருக்கு.

உள் வயரை 7 எம்எம் மாதிரி சீவுங்க, ஒரு இழைகூட வெட்டுப்படக் கூடாது. ஸ்க்ரூவுக்கு அடியில போற முனைக்கு ஈயம் வைக்காதீங்க. பாக்க நீட்டா இருக்கும், ஆனா அழுத்தத்துல ஈயம் நாளாக நாளாக நசுங்கி ஸ்க்ரூ லூஸ் ஆகிடும். பச்சை வயரை மட்டும் மத்த ரெண்டை விட ஒரு இன்ச் நீளமா விடுங்க. யாராவது வயரைப் பிடிச்சு இழுத்தா பிரவுனும் நீலமும் முதல்ல பிடுங்கிக்கணும், பச்சை கடைசியா போகணும். கிளாம்ப் வெளி உறை மேலதான் பிடிக்கணும். உள் வயர் மேல பிடிச்சா ஒரு மாசத்துல திரும்ப அதே வேலை. மூடும்போது எந்த வயரும் ரெண்டு பாதிக்கு நடுவுல நசுங்கலைன்னு ஒரு தடவை பாருங்க. பிளக்ல எல், என், ஈ போட்டிருக்கும். எல்ல பிரவுன், என்ல நீலம், ஈல பச்சை. நம்ம ஊர் பழைய வயர்ல சிவப்பு, கறுப்பு, பச்சை.

இப்ப சுவிட்சை அமுக்கி "ஓடுதா"ன்னு பாக்கத் தோணும். இருங்க. பிளக் வெளியவே இருக்கட்டும். மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு, பிளக்கோட பெரிய பின்னுக்கும் மெஷின் பாடிக்கும் நடுவுல அளங்க. ஒரு ஓமுக்குக் கீழே வரணும். பெயிண்ட் மேல வைக்காதீங்க, சக் மேலயும் வேண்டாம். எர்த் ஸ்க்ரூ மாதிரி வெறும் உலோகம் தெரியுற இடத்துல வைங்க. அப்புறம் சுவிட்சை அமுக்கிப் பிடிச்சுட்டு, மத்த ரெண்டு பின்னுக்கும் பாடிக்கும் அளங்க. எதுவும் காட்டக் கூடாது. ஆனா மல்டிமீட்டர் குடுக்கிறது பேட்டரி வோல்ட்டேஜ்தான். அதுல நல்லாத் தெரியுற இன்சுலேஷன் 230ல தாங்கும்னு சொல்ல முடியாது. பழைய மெஷின்னா மோட்டார் காயில் கட்டுற கடைக்குக் கொண்டு போனா மெக்கர் வச்சு 500 வோல்ட்ல பாத்துடுவாங்க.

பெரியப்பா மெஷினை அங்கதான் கொண்டு போனேன். முதல் அளவு ரொம்ப மோசம். காத்தடிச்சு கரித்தூளை வெளியேத்தினாங்க, புது பிரஷ் போட்டாங்க, அப்புறம் ரீடிங் நல்லா ஏறிடுச்சு. மூணு கோர் ரப்பர் வயர் போட்டுட்டேன். எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தரைக் கூப்பிட்டு பட்டறை பிளக் பாயிண்ட்டைக் கழட்டிப் பாக்கச் சொன்னேன். சாக்கெட்டுல மூணு ஓட்டை இருக்கு. பின்னாடி எர்த் வயர் வந்து, மாட்டாம மடிச்சு வச்சிருக்கு! அன்னைக்கு நான் சரியா மூணு கோர் போட்டிருந்தாலும் எர்த் சுவத்தோட நின்னிருக்கும். அதை மாட்டி, 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபியும் போட்டாச்சு. ஆர்சிசிபி இருக்கே, அப்புறம் எதுக்கு எர்த்துன்னு பெரியப்பா கேட்டார். நல்ல கேள்வி. எர்த் இருந்தா, பாடிக்குக் கரண்ட் கசிஞ்சு அந்த அளவைத் தாண்டினதுமே டிரிப் ஆகும், மெஷின் பெஞ்சு மேல சும்மா கிடந்தாலும். எர்த் இல்லைன்னா, ஒரு ஆள் தொட்டு, அவர் வழியா கரண்ட் போனப்புறம்தான் டிரிப் ஆகும்.

ஆர்சிசிபி காசை நான் குடுக்கிறேன்னேன். பெரியப்பா வாங்கிக்கலை. "அடுத்து அந்தக் கட்டிங் மெஷினையும் பாத்துடு கண்ணு, அதுவும் நீ மாத்துனதுதான்"ன்னார். பாத்தேன். பிளாஸ்டிக் பாடி, சதுரத்துக்குள்ள சதுரம், டூ கோர். கிளாம்ப் மட்டும் உள் வயர் மேல பிடிச்சிருந்துச்சு.

அடுத்த எபிசோட்ல கார்பன் பிரஷ் எப்ப மாத்தணும்னு பேசுவோம். வரேன் மக்களே.