சுகமான பின்பும் தொடரும் கவனிப்பு

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை சாப்ளின் ஆற்றிய உரை)



மாமல்லபுரத்தில் உளி பிடித்துக் கல் வேலை செய்த பெரியவர் ஒருவர், தொழுநோய்க்கு எங்களிடம் சிகிச்சை பெற்றவர். இருபது ஆண்டுகளுக்கு முன்பே மாத்திரைகளைச் சாப்பிட்டு முடித்துவிட்டார். அந்நாட்களில் அவரைச் சந்திக்கும்போதெல்லாம், "கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்போம். "வலியே இல்லை, ஐயா" என்பார். நாங்களும் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம்.

இப்போது எழுபது வயதில், உள்ளங்காலில் ஆழமான புண்ணோடு திரும்பி வந்தார். "நோய் மறுபடியும் வந்துவிட்டதா, ஐயா? பேத்தியைத் தொடலாமா?" என்பதே அவருடைய முதல் கேள்வி. டாக்டர் பரிசோதித்தார். கிருமி இல்லை. நோய் திரும்பவில்லை. அப்படியானால் இந்தப் புண் ஏன்?

இதற்கான விடையைத் தேடியவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1955-இல் மத்திய அரசு அதை ஏற்று, மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையமாக்கியது. டாக்டர் ராபர்ட் காக்ரேன் அங்கே பணியாற்றிய காலத்தில், வேலூரிலிருந்து டாக்டர் பால் பிராண்ட் வந்து பார்த்தார். மடங்கிப்போன விரல்களையுடைய ஒரு நோயாளியிடம் தம் கையைப் பிடிக்கச் சொன்னார். வலிக்கும் அளவுக்கு அந்தப் பிடி உறுதியாக இருந்தது! தசைகள் எல்லாம் செத்துப்போகவில்லை என்று அவர் கண்டுகொண்டார். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்பதையும் பின்னாளில் விளக்கினார்.

ஆம், நண்பர்களே. நாங்கள் ஸ்தோத்திரம் சொன்ன அந்த "வலியே இல்லை" என்பதுதான் அவருடைய ஆபத்தாக இருந்தது.

1982 முதல் உலகெங்கும் வழங்கப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சை 6 அல்லது 12 மாதங்களில் கிருமியை அழித்துவிடுகிறது. ஆனால் செத்த நரம்பை அது உயிர்ப்பிப்பதில்லை. ஊனம் யாருக்கு அதிகமாகிறது? உணர்ச்சியற்ற தேமலைக் காட்டாமல் காலம் தாழ்த்தியவர்களுக்கு. நரம்பு வீங்கி வலித்தபோது சிகிச்சைக்கு வராதவர்களுக்கு. புதிதாக மரத்துப்போனால் 6 மாதத்துக்குள் பிரட்னிசோலோன் மாத்திரை தொடங்குவது பலருக்கு நரம்பைக் காப்பாற்றுகிறது.

இவற்றோடு முதுமையும் சேர்ந்துகொள்கிறது. மரத்துப்போன காலுக்குக் கண்தான் காவல். கண்புரை வந்தால் அந்தக் காவலும் போய்விடுகிறது. இமை சரியாக மூடாத கண்ணில் தூசி பட்டாலும் தெரிவதில்லை. வியர்க்காத தோல் காய்ந்து வெடிக்கிறது. சர்க்கரை வியாதி வந்தால் நரம்புக்கு இன்னொரு அடி. முழங்கால் மடங்காதவர் தம் உள்ளங்காலைப் பார்ப்பது எப்படி? பார்த்துச் சொல்ல மனைவியும் இல்லாமற்போனால்? எங்கள் பெரியவருக்கு இவை எல்லாமே நேர்ந்திருந்தன. கடற்கரையின் சுடுமணலில் தேய்ந்த செருப்போடு நடந்திருக்கிறார். கொப்புளம் வந்ததே அவருக்குத் தெரியவில்லை.

அவருக்கு வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. தினமும் சிறிது நேரம் தண்ணீரில் கால் ஊறவைத்து, காய்ப்பைத் தேய்த்து, எண்ணெய் தடவ வேண்டும். மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு வேண்டும். அது தேய்ந்ததும் புதியது வேண்டும். கண் பரிசோதனை வேண்டும். ஆனால் இவை ஆயுள் முழுவதும் வேண்டும்.

புண் ஆறி அவர் வீடு திரும்பிய நாளில், பத்து வயதுப் பேத்தி அழைத்துப்போக வந்திருந்தாள். தாத்தாவின் பாதத்தை மடியில் வைத்து எப்படிப் பார்ப்பது என்று நர்சம்மா அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். "தொடலாமா?" என்று கேட்டவர் கண் கலங்கினார்.

மாத்திரை முடிந்ததும் நம் ஊழியமும் முடிந்தது என்று நாங்கள் ஒருகாலத்தில் எண்ணினோம். இனி அப்படி எண்ணமாட்டோம். இப்போது வீடுகளுக்குப் போகும்போது, "வலி இருக்கிறதா?" என்று கேட்பதோடு நிற்காமல், குனிந்து பாதத்தைப் பார்க்கிறோம். நீங்கள் அனுப்பும் காணிக்கை செருப்பாகவும் கண் மருந்தாகவும் அந்த வீடுகளுக்குப் போய்ச் சேருகிறது. தொடர்ந்து எங்களோடு நில்லுங்கள்.