மெமரி ஃபோம் மெத்தை வாங்கப் போகிறீர்களா?



நம்மில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். காலை நடையில் முதல் பேச்சே "ராத்திரி தூக்கம் வந்துச்சா?" என்பதுதான். நான் டாக்டர் இல்லை, வங்கியில் கணக்கு எழுதியவன். அதனால் மெத்தையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாம் இலவம்பஞ்சிலும் தென்னைநாரிலும் படுத்து வளர்ந்தவர்கள். இப்போது பிள்ளைகள் வெளியூரிலிருந்து மெமரி ஃபோம் மெத்தை அனுப்புகிறார்கள். இது 1966-இல் அமெரிக்காவின் நாசாவுக்காக, விமான இருக்கைகளுக்கென்று உருவான பொருள். உடல் சூடு பட்டதும் இளகும். தோளும் இடுப்பும் அழுந்தும் இடத்தில் உள்வாங்கி எடையைப் பரப்பிவிடும். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு இது நல்ல ஆறுதல். பக்கத்தில் படுத்திருப்பவர் மூன்று தடவை பாத்ரூம் போனாலும் நமக்கு ஆட்டம் அதிகம் தெரியாது. நம் வயதில் அது சின்ன விஷயமா என்ன!

முதுகுவலிக்குக் கட்டாந்தரைதான் மருந்து என்று சொல்வோம். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் 313 பேரை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. நாள்பட்ட இடுப்புவலிக்கு ரொம்பக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டிதான் நல்லது என்று அதில் தெரிந்தது. அதற்காக முழுக்க இளகும் மெத்தையும் வேண்டாம். முட்டுவலி உள்ளவர் அதில் புரண்டு எழுவதற்குள் விடிந்துவிடும். அடியில் கெட்டியான ஃபோமோ நாரோ, மேலே இரண்டு அங்குலம் மெமரி ஃபோம். என் கணக்கில் இது போதும். கடையில் உட்கார்ந்து பார்க்காதீர்கள், பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள்.

நம் ஊருக்கு ஒரு சிக்கல் உண்டு. இந்த ஃபோம் சூட்டைப் பிடித்துவைக்கும். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் முதுகு நனைந்துவிடும். மேலே பருத்தி விரிப்பு போடுங்கள். நமக்கு மழை இரண்டு பருவம். அடியில் ஈரம் தங்காமல் இருக்க இடைவெளி விட்ட பலகைக் கட்டில் நல்லது. பஞ்சு மெத்தையைப் போல மொட்டைமாடி வெயிலில் காயப்போட வேண்டாம், ஃபோம் மக்கிப் பொடியும். நிழலில் காற்றாட நிறுத்தினால் போதும்.

விலையைக் கேட்டு மலைக்க வேண்டாம். 20,000 ரூபாய் மெத்தை எட்டு வருடம் உழைத்தால் ஒரு ராத்திரிக்கு ஏழு ரூபாய்கூட ஆகாது. தேய்மானம் போட்டே பழகிய கை, விடாது! ஆனால் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம், எடுத்துப்போகும் செலவு யாருடையது என்று பில் போடும் முன்பே கேளுங்கள்.

பழைய மெத்தையைக் கடைக்காரர் எடுத்துக்கொள்வாரா என்றும் கேளுங்கள். தயவுசெய்து மாடிப்படிக்கு அடியில் சாய்த்துவைத்துவிட்டுப் போகாதீர்கள்.