தொப்பியும் தலைப்பாகையும்

மேல்நாட்டு மாலை விருந்துகளில் ஆடவர் உடைக்கு நுட்பமான விதிகள் உண்டு. மிக உயர்ந்த விருந்தெனில், பின்புறம் வால்போல் நீண்ட கறுப்புக் கோட்டு, வெள்ளை வெயிஸ்ட்கோட்டு, பட்டாம்பூச்சி போல் முடிந்த வெள்ளைக் கழுத்துப்பட்டை ஆகியவை வேண்டும். அதற்கு அடுத்த நிலை விருந்துக்கு வாலில்லாத கோட்டும் கறுப்புப் பட்டையும் போதும். நெடிய பட்டுத் தொப்பி வாசல் வரைதான்; உள்ளே நுழைந்ததும் கழற்றிவிட வேண்டும். நாடக அரங்கிற்கென்றே தட்டையாக மடியும் தொப்பியும் உண்டு.

இவ்விதிகளை வெறும் பகட்டென்று நான் தள்ளமாட்டேன். அனைவரும் ஒரே கறுப்பு உடையில் அமர்ந்தால், எவரும் துணியால் தம் செல்வத்தைப் பறைசாற்ற இயலாது. ஆயினும், அவ்வுடை இல்லாதவனை வாசலில் நிறுத்துவதும் அதே விதியன்றோ?

ஸ்டாக்ஹோமில் நடைபெறும் நோபெல் பரிசளிப்பு விழா இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அங்கு ஆடவர்க்கு வால்கோட்டு கட்டாயம். ஆனால் தேசிய உடைக்கும் இடமுண்டு. 1979ஆம் ஆண்டு இயற்பியல் பரிசு பெற்ற பாகிஸ்தானிய அறிஞர் அப்துஸ் சலாம், ஷெர்வானியும் தலைப்பாகையும் அணிந்தே ஸ்வீடன் மன்னர் முன் நின்றார். தொப்பியைக் கழற்றுவது மேல்நாட்டார் மரியாதை. தலைப்பாகையைக் கழற்றாதிருப்பது இவருடைய மரியாதை. இரண்டையும் ஒரே மண்டபத்தில் ஏற்ற விதியே நல்ல விதி என்பேன்.