சுடுவது துப்பாக்கியா, கையா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியது பெரும்பாலும் பேசியபடியே.)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "தொழில் சம்பந்தமா வேண்டாம்ப்பா, அதைப் பேச நிறைய பேர் இருக்காங்க. நீ ஏதோ துப்பாக்கி சுடறியாமே, அதைப் பத்திப் பேசு" என்றார். நான் மெக்கானிக்கல் பிரிவு. பிழைப்பு பம்பு டிசைன். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் ரைஃபிள் கிளப்பில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். மாவட்ட, மாநிலப் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். பொழுதுபோக்குதான். ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் பொழுதுபோக்குக்காரனுக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது.

இதைக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "லைசென்ஸ் இருக்கா?" .177 அங்குலத்துக்கு மேற்படாத, 20 ஜூலுக்குள் சக்தி உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு நம் நாட்டில் ஆயுத லைசென்ஸ் வேண்டியதில்லை. போட்டிக்கான பிஸ்டலில் அரை கிராம் ஈயக் குண்டு வினாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் போகிறது. அரை எம் வி ஸ்கொயர் போட்டுப் பாருங்கள், ஐந்தரை ஜூல் சொச்சம்தான் வரும். இரண்டாவது கேள்வி, "என்ன விலை?" ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்தில் செய்த நல்ல பிஸ்டல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். உடனே, "அப்ப நமக்கு எட்டாது சார்" என்று பேச்சு முடிந்துவிடும். அந்த "எட்டாது" என்ற சொல்லைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

என்.சி.சி.யில் இருந்தவர்கள் குப்புறப் படுத்து .22 ரைஃபிள் சுட்டிருப்பீர்கள். இது வேறு. நின்றுகொண்டு, ஒரே கையை நீட்டி, எதிலும் முட்டுக் கொடுக்காமல் சுட வேண்டும். பிஸ்டல் ஒரு கிலோவுக்கு முன்னே பின்னே இருக்கும். ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது. 75 நிமிடத்தில் 60 குண்டு. முழு மார்க் 600. பத்து மார்க் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், அதாவது ஒரு சட்டைப் பித்தான் அளவு. அதற்கு வெளியே ஒவ்வொரு 8 மில்லிமீட்டருக்கும் ஒரு மார்க் குறையும். குண்டு கோட்டைத் தொட்டாலே உள்ளே விழுந்ததாகக் கணக்கு.

"ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்" என்று நம் ஊரில் சொல்வார்கள். எங்கள் கிளப்பில் வாரத்துக்கு ஒருவராவது மேடை கோணல் என்பார். "இந்த கிரிப் சரியில்ல", "இந்த பெல்லட் பேட்ச் மோசம்", "மொரினி வெச்சிருந்தா இன்னும் பத்து மார்க் கூட வரும்." இன்ஜினியர் என்பதால் நான் இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கரும்பலகை இல்லை, வாயாலேயே சொல்கிறேன்.

பிஸ்டலின் பின்குறியில் ஒரு சதுர வெட்டு இருக்கிறது. முன்குறி ஒரு சின்னச் செவ்வகம். வெட்டுக்குள் செவ்வகம் நட்டநடுவில், தலை மட்டமாகத் தெரிய வேண்டும். இரண்டுக்கும் இடையே தூரம் சுமார் 33 சென்டிமீட்டர். டார்கெட் 10 மீட்டரில். அப்படியானால் முன்குறியில் ஏற்படும் பிசகு டார்கெட்டில் 30 மடங்காகப் பெருகும். முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் குண்டு 30 மில்லிமீட்டர் விலகும். பத்து கிடைக்க வேண்டிய இடத்தில் ஏழு. ஆனால் குறிகள் இரண்டும் சரியாகப் பொருந்தியிருந்து, கை மொத்தமாக எட்டு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துபோனால்? குண்டும் அதே எட்டு மில்லிமீட்டர்தான் நகரும். இன்னமும் பத்து!

புதிதாக வருகிறவர்களுக்கு இதை நம்பவே முடியாது. கை ஆடுவதைப் பார்த்துப் பயந்து, கறுப்பு வட்டம் நடுவில் வரும் அந்த நொடியில் 'டபக்'கென்று ட்ரிகரை இழுப்பார்கள். இழுத்த இழுப்பில் மணிக்கட்டு கொஞ்சூண்டு வளையும். கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டினால் போதும், பத்து தப்பிவிடும். கை ஆட்டம் இயற்கை, அது யாருக்கும் நிற்காது. ஒலிம்பிக் வீரருக்கும் இதயம் துடிக்கிறதே! கண்ணை முன்குறி மேல் வைத்து, டார்கெட் மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று விட்டு, ஆட்டத்தோடு ஆட்டமாக ட்ரிகரை மெதுவாக நெருக்குவதுதான் வித்தை. இந்தக் கால் மில்லிமீட்டரை எந்தக் கம்பெனியும் பெட்டியில் போட்டு விற்பதில்லை.

இன்னொரு கணக்கு. புள்ளியியல் பேப்பரில் அரியர் வைத்தவர்கள் மன்னிக்கவும். பிஸ்டலை வைஸில் இறுக்கிச் சுட்டால் குண்டுகள் ஏறக்குறைய ஒரே ஓட்டைக்குள் போகும். அந்தச் சிதறல் ஒன்றரை மில்லிமீட்டர் என்று வையுங்கள். சுடுகிற ஆளின் சிதறல் 12 மில்லிமீட்டர். இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 12.09. இப்போது கடன் வாங்கி, சிதறலைப் பாதியாக்கும் துப்பாக்கி ஒன்றை வாங்குகிறீர்கள். கிடைப்பது 12.02. லட்ச ரூபாய்க்கு வந்த லாபம் ஒரு தாளின் கனம். ஆளின் சிதறலை 12-லிருந்து 10 ஆக்கினால் அது முழுசாக அட்டையில் தெரியும்.

எங்கள் கிளப்பில் ஒரு பையன் இருந்தான். அப்பா சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். கிளப்பின் பொதுப் பிஸ்டலில் 530-க்கு மேல் போட்டுக்கொண்டிருந்தான். பதினேழு வயசுக்கு அது நல்ல மார்க். ஒருநாள் அப்பா வந்து, "சார், வீட்டு நகையை வெச்சாவது வாங்கிடறேன், எந்த மாடல் வாங்கலாம்?" என்றார். நானும் இன்னும் இரண்டு பேரும் ஒரு வருஷம் பொறுக்கச் சொன்னோம். அவர் கேட்கவில்லை. மகன் மேல் வைத்த பாசத்தை எந்தக் கணக்கு போட்டு மறுப்பது? பிஸ்டல் வந்தது. அழகான சாமான், கிளப்பே கூடி நின்று பார்த்தது. அடுத்த மூன்று போட்டிகளில் 532, 528, 535.

பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வட்டி கட்டியது போக பெல்லட் வாங்கக் காசில்லை. நாளுக்கு 60 குண்டு, வாரம் மூன்று நாள் என்றால் வருஷத்துக்கு 9,000-க்கு மேல். 500 குண்டு டப்பா பத்தொன்பது வேண்டும். அவன் நாளுக்கு 20 சுட ஆரம்பித்தான். வெளியூர்ப் போட்டிகளுக்குப் போவது நின்றது. ராத்திரி வீட்டுக்குப் போனால் அப்பா, "இன்னிக்கு எவ்வளவு?" என்பார். நகையின் பாரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எப்படி ட்ரிகரை மெதுவாக நெருக்குவது? எட்டாவது மாதம் பிஸ்டலை வேறொருவருக்கு விற்றார்கள். பையன் இப்போது வருவதில்லை. அவன் கையில் விஷயம் இருந்தது. எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அதே கிளப்பில் ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒரு அக்கா. பொதுப் பிஸ்டல்களில் ஒரு பழைய மாடல் உண்டு. சிலிண்டர் கிடையாது, ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலை ஒரு தடவை அழுத்திக் காற்றை அடைக்க வேண்டும். அறுபது தடவை நெம்பினால் தோள்பட்டை கழன்றுவிடும். அதிலேயே ஒன்றரை வருஷம் சுட்டு 550-ஐத் தாண்டிய பிறகுதான் சொந்தமாக ஒன்று வாங்கினார், அதுவும் பழசு. "இப்பத்தான் எனக்கு என்ன வேணும்னே தெரியுது" என்றார்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். மேடை உண்மையிலேயே கோணலாக இருப்பதும் உண்டு. கடைகளில் விற்கும் மலிவான ஸ்பிரிங் பிஸ்டலை வாங்கிக்கொண்டு, "பயிற்சிதான் முக்கியம்னு சொன்னீங்களே" என்று வருகிறவர்களிடம் நான் தயங்காமல், "இதை வெச்சுட்டு கிளப் பிஸ்டலை எடுங்க" என்பேன். போட்டி விதிப்படி ட்ரிகரை இழுக்கும் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. எடைக்கட்டியை ட்ரிகரில் மாட்டித் தூக்கிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். மலிவு பிஸ்டலில் அது பல மடங்கு இருக்கும், எங்கே விடுபடும் என்றும் தெரியாது. ஒரு கிலோ சாமானை அதைவிடக் கனமான இழுப்பால் இழுத்தால் குறி நிற்குமா? அதில் ஆயிரம் குண்டு சுட்டால் ஆயிரம் தடவை இழுத்துப் பழகியதுதான் மிச்சம். துப்பாக்கி செய்த தப்பு எது, நாம் செய்த தப்பு எது என்று பிரித்துச் சொல்கிற அளவுக்குச் சாமான் நன்றாக இருக்க வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் பயிற்சியும் வீண். கோட்டுக்கு மேலே போகப் போக, கொடுக்கிற காசுக்குக் கிடைக்கும் மார்க் குறைந்துகொண்டே போகும்.

என்னைக் கேட்டால் முதல் செலவு கிரிப்புக்கு. மரக் கைப்பிடியை அவரவர் உள்ளங்கைக்கு ஏற்ப அரத்தால் ராவி, பள்ளத்தை மரப் புட்டி வைத்து நிரப்பலாம். நம் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டிங் செக்‌ஷனில் கை கொப்பளிக்க ராவியது வீண்போகவில்லை! கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி, திறந்து பார்த்தால் குறிகள் தானாகப் பொருந்தியிருக்க வேண்டும். அதுதான் சோதனை. அடுத்தது பெல்லட். அப்புறம் அடி தட்டையான ஷூ. மற்றதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கி வீரர் யூசுஃப் டிகெச் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வயசு 51. ஒரு கை பாக்கெட்டில், சாதாரண மூக்குக்கண்ணாடி, இரண்டு கண்ணும் திறந்தபடி. கலப்பு இரட்டையரில் வெள்ளி. "ஒண்ணுமே இல்லாம வந்து மெடல் அடிச்சிட்டாரு பாத்தியா" என்று எனக்கு வந்த வாட்ஸ்அப்புக்குக் கணக்கில்லை. நண்பர்களே, அவர் கையில் இருந்தது ஒன்றாந்தரப் போட்டி பிஸ்டல். பாக்கெட்டில் கைவிடுவதும் ஸ்டைல் இல்லை. சும்மா இருக்கும் கை ஆடாமல் உடம்பு நிலைப்பதற்காக எல்லோரும் செய்வது. 2008-லிருந்து அவருக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக். அவர் விட்டது ஒரு கண் மறைப்பையும் விசேஷக் கண்ணாடியையும்தான். பயிற்சியை அல்ல.

மறுபக்கத்துக்கு நம்ம மனு பாக்கர். 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில், தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் பழுதாகிவிட்டது. சரிசெய்து திரும்புவதற்குள் கால் மணிக்கு மேல் போய்விட்டது. மீதிக் குண்டுகளை அவசரமாகச் சுட்டும் 575 எடுத்தார். இறுதிச் சுற்றுக்கு இரண்டே மார்க் குறைவு, பன்னிரண்டாவது இடம். உலகத்தில் உயர்ந்த சாமானும் மக்கர் பண்ணும். அந்த நேரத்தில் 575-ஐக் கொண்டுவந்தது எது? 2024-ல் அதே போட்டியில் வெண்கலம், சரப்ஜோத் சிங்கோடு கலப்பு இரட்டையரில் இன்னொரு வெண்கலம். நான் போட்டிக்கு முந்தின நாள் சிலிண்டர் அழுத்தம், ஓ ரிங், ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். பம்புக்காரனுக்கு அது கூடவே வந்த புத்தி.

பயிற்சி என்றால் என்ன செய்வீர்கள் என்று மாணவர்கள் கேட்கலாம். பாதிப் பயிற்சிக்குக் குண்டே தேவையில்லை. வீட்டில் வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து, காலிப் பிஸ்டலை, காலிதான் என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, நீட்டி, ட்ரிகரை நெருக்குவது. விடுபடும் நொடியில் முன்குறி அசைந்ததா? அசைந்தால் தப்பு உங்களுடையது. சாட்சிக்குச் சுவர் இருக்கிறது. தினம் இருபது நிமிஷம். நீட்டி ஏழெட்டு செகண்டுக்குள் விடவில்லை என்றால் கையை இறக்கிவிட வேண்டும். இந்த இறக்குவதுதான் கஷ்டம். "இவ்வளவு நேரம் பிடிச்சாச்சே, சுட்டுடலாம்" என்று மனசு சொல்லும். கிளப்பில் அட்டையைத் திருப்பி வைத்து, வெள்ளைப் பக்கத்தில் சுடுவது இன்னொரு பயிற்சி. மார்க் தெரியாது, குண்டுகள் ஒரே இடத்தில் கூடுகிறதா என்பது மட்டும் தெரியும். பார்க்க ரொம்ப போரடிக்கும் விஷயம். என் மனைவி, "சுவத்தோட என்ன சண்டை உங்களுக்கு?" என்று கேட்காத நாளில்லை.

மாணவர்களுக்கு ஒரு தகவல் சொல்லி முடிக்கிறேன். எங்கள் கிளப்பில் பொதுப் பிஸ்டல்கள் நான்கு இருக்கின்றன, நெம்புகோல் போட்ட அந்தப் பழசையும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பாதைகளை இக்கல்லூரி மாணவர்களுக்கு ஒதுக்க கமிட்டி ஒப்புக்கொண்டிருக்கிறது. பிஸ்டலுக்கு வாடகை கிடையாது. முதல் வருஷத்து பெல்லட் செலவை எங்கள் செட் நண்பர்கள் ஆறு பேர் ஏற்றுக்கொள்கிறோம். வெளியே மேசையில் நோட்டு இருக்கிறது, பெயரும் வகுப்பும் எழுதுங்கள். அப்பாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள். "துப்பாக்கி வாங்கித் தர்றேன்" என்று அவர் சொன்னால், ஒரு வருஷம் கழித்து என்னிடம் பேசச் சொல்லுங்கள்.